குதிர் யார் வீட்டில் இருக்கிறது?

2000-ஆம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் குழுவில் ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் நேர்ந்து குழாய்கள் உடைந்தால் எந்த வால்வை மூடலாம், எதைத் திறக்கலாம் என்று மாலுமிகளுக்குச் சொல்லும் மென்பொருள் அது. அதற்கு வேண்டிய விவரங்கள் ஒரு தரவுத்தள சர்வரில் இருந்தன. அந்த சர்வர் படுத்துவிட்டால் மென்பொருளும் படுத்துவிடும். தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கும். பழுது சர்வரில்தான். ஆனால் அறிவிப்பைக் காட்டியது ஹிப் குழுவின் மென்பொருள் என்பதால் பேச்சு வாங்கியதும் அவர்கள்தான்.

விவரங்களைப் படிக்கத்தானே வேண்டும், அதற்கு நடுவில் ஒரு சர்வர் எதற்கு, வட்டிலிருந்து நேராகவே படித்துக்கொண்டால் என்ன என்று ஹிப் யோசித்தார். அந்த யோசனை 2000 ஆகஸ்டில் எஸ்க்யூலைட் என்ற பெயரில் வெளிவந்தது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. தனி சர்வர் கிடையாது; நிர்வகிக்க ஆள் வேண்டாம். இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது உள்ளே இருக்கிறது. இந்த வரிகளை நீங்கள் கைப்பேசியில் படிக்கிறீர்கள் என்றால், இந்த நொடியில் அதற்குள் எஸ்க்யூலைட் கோப்புகள் பல திறந்திருக்கும்.

வலைக்கும் கைப்பேசிக்கும் செயலி எழுதுகிற இளைஞர்கள், பயனரின் கருவியிலேயே தரவைச் சேமிக்க எந்த லைப்ரரி நல்லது என்று கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வேகப் பட்டியலே பதிலாகக் கிடைக்கிறது. ஆயிரம் பதிவுகளை எழுத இத்தனை மில்லிநொடி, படிக்க இத்தனை மில்லிநொடி. வேகம் தேவைதான். ஆனால் முப்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தெரிகிறது. நெல் நம்முடையது என்றால் குதிர் நம் வீட்டில் இருக்க வேண்டும். வேண்டியபோது அள்ளிக்கொள்ளக் குதிரின் அடியில் துளையும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்காத ஒப்பீடு பாதி ஒப்பீடுதான்.

கடைக்காரர் கொடுத்த சீட்டு

பயனரின் கணினியில் தரவை வைக்கும் பழக்கம் வலையில் தொடங்கியது பயனருக்காக அல்ல. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி குக்கீயை உருவாக்கினார். எம்.சி.ஐ. நிறுவனத்துக்கு ஓர் இணையக் கடை கட்டும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் கூடையில் பாதி நிரப்பி வைத்த பட்டியலைத் தன் சர்வரில் சுமக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை, அதை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைக்க வழி கேட்டது. கடைக்காரர் நம் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது காட்டச் சொல்வதைப் போன்றது குக்கீ. சீட்டின் அளவு ஏறத்தாழ 4 கிலோபைட். ஒவ்வொரு முறை கடைக்குள் போகும்போதும் அது கூடவே போய்வரும்.

அந்தச் சீட்டு பிறகு விளம்பர நிறுவனங்களின் கைக்குப் போனது. ஒரே ஆள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார் என்று பின்தொடரும் அடையாள அட்டையானது. நம் கணினியில் இருப்பதெல்லாம் நமக்காக இருப்பதல்ல என்பதை வலை முதலில் கற்றது இப்படித்தான்.

நான்கு கிலோபைட்டில் எதையும் சேமிக்க முடியாது என்பதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறுக்கு வழி தேடினார்கள். 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 தனக்கென ஒரு சேமிப்பு வசதியை வைத்தது. ஃபிளாஷ், கேட்காமலே ஒவ்வொரு தளத்துக்கும் 100 கிலோபைட் கொடுத்தது. 2007 மே மாதம் கூகுள் 'கியர்ஸ்' என்ற இணைப்பை வெளியிட்டது. இணையத் தொடர்பு இல்லாதபோதும் வலைச்செயலி இயங்கும் என்பது அதன் வாக்குறுதி. அதற்குள் இருந்த தரவுத்தளம் எஸ்க்யூலைட். அடுத்த சில ஆண்டுகளில் லோக்கல் ஸ்டோரேஜ் எல்லா உலாவிகளிலும் வந்தது. ஏறத்தாழ 5 மெகாபைட், எழுத்துச் சரம் மட்டும், இரண்டே வரியில் பயன்படுத்தலாம். படிக்கும்போதும் எழுதும்போதும் பக்கம் மொத்தமும் காத்து நிற்கும் என்பது அதன் குறை. ஆனாலும் எளிமைக்கு எப்போதும் மவுசு உண்டு. இன்றும் பல செயலிகளின் முதல் சேமிப்பு அதுதான்.

2010-இல் நடந்த வழக்கு

கியர்ஸ் காட்டிய வழியில், உலாவிக்குள்ளேயே ஒரு முழுத் தரவுத்தளம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 'வெப் எஸ்க்யூஎல்' என்ற வரைவு உருவானது. சஃபாரி, குரோம், ஓபரா மூன்றும் அதைச் செய்து முடித்தன. மூன்றுமே உள்ளே வைத்தது எஸ்க்யூலைட்டைத்தான். அந்த வரைவில், உலாவிகள் எஸ்க்யூலைட் 3.6.19 பதிப்பு புரிந்துகொள்ளும் மொழியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதியிருந்தது.

இதை மொசில்லா ஏற்கவில்லை. ஒரு மென்பொருளின் ஒரு பதிப்பு எப்படி நடந்துகொள்கிறதோ அதையே உலகத் தரம் என்று எழுதிவைப்பது சரியல்ல என்றது. அந்த மென்பொருளில் இருக்கும் பிழையும் நாளைக்குத் தரமாகிவிடும். அது மாறினால் வலையும் சேர்ந்து மாற வேண்டியிருக்கும். தரத்துக்கு ஒன்றை ஒன்று சாராத செயலாக்கங்கள் பல வேண்டும் என்பது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் விதி. இங்கே இருந்ததோ ஒன்றே ஒன்று. 2010 நவம்பரில் வெப் எஸ்க்யூஎல் வேலை நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக, ஆரக்கிளைச் சேர்ந்த நிகுஞ்ஜ் மேத்தா முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த 'இன்டெக்ஸ்டு டிபி' முன்னுக்கு வந்தது. 2015 ஜனவரியில் அது முறையான பரிந்துரையானது.

இந்த வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரே கையில் எல்லாம் போய்விடக் கூடாது என்ற மொசில்லாவின் கவலை வலையின் அடிப்படைக் கவலை. அந்தக் கவலை இல்லாமல் போயிருந்தால் வலை என்றோ ஒரு நிறுவனத்தின் சொத்தாகியிருக்கும். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நிரலாளர்கள். இன்டெக்ஸ்டு டிபி வலிமையானது. பெரிய அளவில் தரவை வைக்கலாம், குறியீட்டு அட்டவணை உண்டு, பரிவர்த்தனை உண்டு. ஆயினும் ஒரு பதிவை எடுக்கப் பத்து வரி எழுத வேண்டும். சற்று நேரம் வேறு வேலைக்காகக் காத்திருந்தால் பரிவர்த்தனை தானாகவே முடிந்துவிடும். சாதாரண எஸ்க்யூஎல் கேள்வி தெரிந்த ஒருவர் அதன் முன் திகைத்துத்தான் போவார்.

வியப்பு என்னவென்றால், இன்டெக்ஸ்டு டிபியை ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் உள்ளே கட்டியதும் எஸ்க்யூலைட்டின் மீதுதான். குரோம் மட்டும் லெவல்டிபி என்ற வேறொரு தரவுத்தளத்தின் மீது கட்டியது. 2021-இல் ஜேம்ஸ் லாங் என்ற நிரலாளர், உலாவிக்குள் இயங்கும் வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றப்பட்ட எஸ்க்யூலைட்டை எடுத்து, அதன் கோப்பைத் துண்டு துண்டாக இன்டெக்ஸ்டு டிபிக்குள் வைத்துக் காட்டினார். நேராக இன்டெக்ஸ்டு டிபியைப் பயன்படுத்துவதைவிட அது வேகமாக ஓடியது. 2022-இன் இறுதியில் எஸ்க்யூலைட் குழுவே வெப்அசெம்பிளி வடிவத்தை வெளியிட்டது. உலாவிகள் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கோப்பறை கொடுக்கத் தொடங்கியதால் அது உட்கார இடமும் கிடைத்தது. 2024-இல் குரோம் பழைய வெப் எஸ்க்யூஎல்லை முற்றாக நீக்கியபோது, அதே எஸ்க்யூலைட் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. இந்த முறை உலாவியின் பகுதியாக வரவில்லை. ஒவ்வொரு செயலியும் தானே கொண்டுவரும் பொருளாக வந்தது. தரம் என்ற பெயரில் ஒருவர் மென்பொருளை எல்லோர் மீதும் ஏற்ற வேண்டாம் என்ற மொசில்லாவின் கொள்கையும் இதில் காப்பாற்றப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரு தரப்பும் வென்ற வழக்கு இது.

லைப்ரரிகளின் காலம்

இன்டெக்ஸ்டு டிபியின் கரடுமுரடுதான் இத்தனை லைப்ரரிகள் பிறக்கக் காரணம். மொசில்லாவிலிருந்து வந்த லோக்கல்ஃபோரேஜ், லோக்கல் ஸ்டோரேஜின் எளிமையை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இன்டெக்ஸ்டு டிபியைப் பயன்படுத்தியது. ஜேக் ஆர்ச்சிபால்டின் 'ஐடிபி' மிகச் சிறியது. பழைய அழைப்பு முறையைப் புதிய 'பிராமிஸ்' முறைக்கு மாற்றுவதோடு நின்றுகொள்ளும். ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் ஃபாலாண்டரின் டெக்ஸி, தேடலை வாசிக்கக்கூடிய நிரலாக எழுத வழி செய்தது. உலாவிக்கு உலாவி இருந்த பிழைகளையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. கைப்பேசிப் பக்கம் ஆப்பிள் 2005-இல் மேக் கணினிக்குக் கொண்டுவந்த கோர் டேட்டா, 2009-இல் ஐபோனுக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2017-இல் கூகுள் 'ரூம்' தந்தது. ரியாக்ட் நேட்டிவ்வில் எழுதுவோருக்கு வாட்டர்மெலன்டிபி வந்தது. ஆயிரக்கணக்கான பதிவுகள் இருந்தாலும் வேண்டியதை வேண்டும்போது மட்டும் எடுப்பது அதன் உத்தி. இந்தக் கைப்பேசி வரிசையில் மூன்றுமே எஸ்க்யூலைட்டின் மேல் நிற்பவை.

இவற்றில் எது சிறந்தது என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பயனர் தேர்ந்தெடுத்த எழுத்தளவையும் நிறத்தையும் நினைவில் வைக்க லோக்கல் ஸ்டோரேஜ் போதும். அதற்கு டெக்ஸியைக் கொண்டுவருவது கொசுவை அடிக்கக் கோடரி தூக்குவது. நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தேடி வரிசைப்படுத்த வேண்டுமானால் டெக்ஸி பொருந்தும். கணக்கு, கூட்டல், அட்டவணைகளுக்கிடையே உறவு என்று வந்தால் எஸ்க்யூலைட்டே நேர்வழி. உள்நுழைவு டோக்கன் போன்ற ரகசியங்களை லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கவே கூடாது. பக்கத்துக்குள் புகுந்த எந்த நிரலும் அதைப் படித்துவிடும்.

காணாமல் போன சேமிப்புகள்

ஒப்பீட்டுப் பட்டியல்கள் சொல்லாமல் விடுவது இழப்புகளின் வரலாறு.

2012-இல் ஐபோன் இயங்குதளத்தின் 5.1 பதிப்பு வந்தது. செயலிகளுக்குள் இயங்கும் வலைப்பக்கங்களின் லோக்கல் ஸ்டோரேஜும் வெப் எஸ்க்யூஎல்லும் தற்காலிகக் கோப்புகளின் அடுக்குக்கு மாற்றப்பட்டன. இடம் போதாதபோது அமைப்பு அவற்றை அழிக்கலாம் என்றானது. ஃபோன்கேப் என்ற கருவியால் வலைப்பக்கங்களைக் கொண்டு செயலி எழுதியவர்கள் தங்கள் பயனர்களின் தரவு நிரந்தரமல்ல என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். 2020 மார்ச்சில் சஃபாரி இன்னொரு விதி கொண்டுவந்தது. உலாவியைப் பயன்படுத்திய ஏழு நாட்களுக்குள் ஒரு தளத்தை நாம் தொடாவிட்டால், அந்தத் தளத்தின் நிரல் எழுதிவைத்த சேமிப்பு எல்லாம் அழிக்கப்படும். நோக்கம் நல்லது, குக்கீக்குத் தடை வந்ததும் பின்தொடர்வோர் லோக்கல் ஸ்டோரேஜுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்தியது. முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட வலைச்செயலிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பொதுவாகவே, நிரந்தர அனுமதியைக் கேட்டு வாங்காத வரை உலாவியில் வைக்கும் தரவு, இட நெருக்கடியில் முதலில் வெளியேற்றப்படும் குடித்தனக்காரர்தான்.

நிறுவனங்களின் வழியாக வந்த இழப்புகளும் உண்டு. செயலிகளின் தரவைத் தன் சர்வரில் வைத்துக்கொடுத்த பார்ஸ் என்ற சேவையை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. 2017 ஜனவரி 30 அன்று மூடியது. ஓராண்டு அவகாசமும் சர்வர் நிரலின் மூலமும் கொடுத்தார்கள் என்பதால் வெளியேற வழி இருந்தது. ரியல்ம் என்ற தரவுத்தளம் 2014-இல் வெளிவந்தபோது கைப்பேசி உலகம் அதைக் கொண்டாடியது. எஸ்க்யூலைட்டைச் சாராத சொந்த இயந்திரம், அழகான நிரல்முறை, பிறகு சர்வருடன் தானாக ஒத்திசைவு. 2019-இல் அதை மோங்கோடிபி 3.9 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் ஒத்திசைவுச் சேவையைக் கைவிடுவதாக அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 30-உடன் அது முடிந்தது. ரியல்மின் திறந்த மூலம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த ஒத்திசைவை நம்பிச் செயலியின் அடித்தளத்தையே கட்டியவர்கள் மீண்டும் கடைக்காலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஒரே பதிவு, இரண்டு கைகள்

குதிர் வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் தரவு இன்னொருவரோடு சேர வேண்டிய இடமும் உண்டு. இந்தத் துறையில் மிகவும் மனிதநேயமான பகுதி அதுதான் என்று நினைக்கிறோம்.

1989-இல் வந்த லோட்டஸ் நோட்ஸ், அலுவலகத்தின் பிரதியையும் பயணத்தில் இருக்கும் ஊழியரின் பிரதியையும் தொலைபேசி இணைப்பு கிடைக்கும்போது ஒன்றுசேர்த்தது. அதில் வேலை பார்த்த டேமியன் காட்ஸ் 2005-இல் கவுச்டிபியைத் தொடங்கினார். அதன் ஒத்திசைவு முறையை உலாவிக்குள் கொண்டுவந்தது பவுச்டிபி. இரண்டு பேர் ஒரே பதிவை இரண்டு இடத்தில் மாற்றினால் கவுச்டிபி ஒன்றைத் தூக்கி எறிவதில்லை. எல்லாப் பிரதிகளிலும் ஒரே விதிப்படி ஒன்றை முன்னிறுத்தும். மற்றதையும் பத்திரமாக வைத்திருந்து, முடிவை மனிதரிடமோ செயலியிடமோ விடும்.

சுகாதாரப் பணியாளர்களுக்கான செயலிகளைத் திறந்த மூலத்தில் கட்டும் மெடிக் அமைப்பு இந்த இணையைத் தேர்ந்தெடுத்தது. கென்யா, உகாண்டா, நேபாளம் போன்ற நாடுகளில் வீடு வீடாகப் போகும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். மலையில் சிக்னல் இல்லை. கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள சிக்னல் வரும்வரை காத்திருக்க முடியாது. பதிவு கைப்பேசியில் விழுகிறது, அன்றைய வேலை நடக்கிறது, தொடர்பு கிடைக்கும்போது சர்வருக்குப் போகிறது. போர்க்கப்பலில் ஹிப் கேட்ட கேள்வியும் இந்த மலைப்பாதையின் தேவையும் ஒன்றுதான்: வேண்டிய தகவல், வேண்டிய ஆளின் கையில், வேண்டிய நேரத்தில். இங்கே பொறுப்பும் கூடுகிறது. தொலைந்த கைப்பேசி தொலைந்த நோயாளிக் கோப்பும்கூட. எனவே கருவியில் வைக்கும் தரவைக் குறியாக்கம் செய்வது விருப்பத்துக்கு விட்ட விஷயமல்ல, கடமை.

2011-இல் மார்க் ஷபீரோவும் உடன் ஆய்வாளர்களும் முறைப்படுத்திய சிஆர்டிடி என்ற தரவு அமைப்புகள் அடுத்த படி. எந்த வரிசையில் மாற்றங்கள் வந்து சேர்ந்தாலும் எல்லாப் பிரதிகளும் ஒரே முடிவுக்கு வரும் என்பதற்குக் கணித உறுதி தருபவை அவை. வைஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் ஆகிய லைப்ரரிகள் அந்த வழியில் வந்தவை. 2019-இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வகத்தில் மார்ட்டின் கிளெப்மன் உள்ளிட்டோர் 'லோக்கல் ஃபர்ஸ்ட்' என்ற கொள்கையை எழுதினார்கள். பயனரின் கருவியில் இருப்பதே மூலப்பிரதி, சர்வரில் இருப்பது துணைப்பிரதி என்பது அதன் சாரம். நிறுவனம் மூடப்பட்ட பிறகும் பயனரின் படைப்பு திறக்க வேண்டும் என்பது அதன் ஏழு இலக்குகளில் ஒன்று.

என்ன கேட்டுத் தேர்ந்தெடுப்பது?

ஒரு சேமிப்பு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள் என்று இளம் நிரலாளர்களையும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். பயனரைக் கேட்காமல் இந்தத் தரவை யாரெல்லாம் அழிக்க முடியும்? இன்று எழுதும் பதிவின் அமைப்பு நாளை மாறினால், பழைய பதிவு பிழைக்குமா? இரண்டு கருவிகளில் மாற்றிய ஒரே பதிவில் எது நிற்கும், மற்றது எங்கே போகும்? லைப்ரரியை எழுதியவர் நாளை நிறுத்திவிட்டால், உள்ளே இருப்பதை வேறு கருவியால் படிக்க முடியுமா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு மில்லிநொடிகளை எண்ணலாம்.

இந்த அளவுகோலில் எஸ்க்யூலைட் முன்னே நிற்கிறது என்பது எங்கள் தீர்ப்பு. அதன் மூலநிரல் யாருக்கும் உரிமையில்லாத பொதுச்சொத்து. கோப்பின் அமைப்பு பகிரங்கமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பரிந்துரைக்கிறது. 2050 வரை அதைப் பராமரிக்க உறுதிகொண்டிருப்பதாக அதை எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் துறையில் ஐந்தாண்டைத் தாண்டி வாக்குக் கொடுப்பவர்களே அரிது. ஒத்திசைவு உங்கள் செயலியின் உயிர் என்றால் பவுச்டிபியும் சிஆர்டிடி லைப்ரரிகளும் இன்னும் பொருத்தமாக இருக்கலாம். உலாவிக்குள் சிறிய அளவில் போதும் என்றால் டெக்ஸியே போதும். எதை எடுத்தாலும் தரவு வெளியே வரும் வழி உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்த வழியைக் கட்ட ஒரு நாள் போதும். செயலியின் முதல் வெளியீட்டிலேயே, சேமித்ததையெல்லாம் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்றைப் பயனருக்கு வையுங்கள். அந்தக் கோப்பை உங்கள் செயலி இல்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த லைப்ரரி சரியானது. திறக்காவிட்டால், பயனர்கள் சேர்வதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.